முத்திரை போய், முகம் வந்தது!

2008 டிசம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுப் பெரியவர் ஒருவர் உறவினர்களைப் பார்க்க அமெரிக்காவில் போய் இறங்கினார். இமிகிரேஷனில் விரல்களை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். திரையில் ரேகை விழவில்லை. விரல்கள் இருக்கின்றன, ரேகைகள் இல்லை. நான்கு மணி நேரம் அவரை விமான நிலையத்திலேயே நிறுத்திவைத்தார்கள். இவரால் ஆபத்து எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே விட்டார்கள். அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் புற்றுநோயாளி. நோய் திரும்பாமல் இருக்க, கேப்சிடபின் என்ற மாத்திரையை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சாப்பிட்டு வந்தார். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் உரிவது அந்த மருந்தின் பக்கவிளைவு. தோலோடு ரேகையும் போய்விட்டது. வெளிநாடு போகும்வரை அவருக்கே அது தெரியாது. அவருக்குச் சிகிச்சை அளித்த சிங்கப்பூர் மருத்துவர் 2009-ல் 'ஆனல்ஸ் ஆஃப் ஆன்காலஜி' இதழுக்கு எழுதிய கடிதத்தால்தான் இந்தச் சங்கதி உலகத்துக்குத் தெரியவந்தது.

அன்று இது அபூர்வச் செய்தி. இன்று விரலையும் முகத்தையும் கருவிழியையும் கேட்காத பெரிய விமான நிலையம் உலகில் குறைந்துகொண்டே வருகிறது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், பேரக்குழந்தையைப் பார்க்க ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகும் அப்பா அம்மாக்கள், லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கல்யாணத்துக்குப் போகும் ஈழத்துக் குடும்பங்கள் என எல்லோரும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். டிக்கெட்டுக்கும் சூட்கேஸுக்கும் மாதக்கணக்கில் தயாராகிற நாம், உடம்பையும் பெயரையும் எந்திரம் எப்படிப் படிக்கும் என்று ஒரு நாள்கூட யோசிப்பதில்லை. அதற்கான தயாரிப்பு வீட்டிலேயே, பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்க வேண்டும்.

ஐரோப்பாவில் என்ன மாறியிருக்கிறது?

2025 அக்டோபர் 12 அன்று ஐரோப்பாவின் 29 நாடுகள் 'என்ட்ரி எக்ஸிட் சிஸ்டம்' என்ற புதிய முறையைத் தொடங்கின. சுருக்கமாக இ.இ.எஸ். ஆறு மாதங்களில் படிப்படியாக விரித்து, 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா எல்லைகளிலும் முழுமையாக்குவது என்பது அன்றைய திட்டம். பொது விசா கொண்ட ஷெங்கன் நாடுகள் அனைத்தும் இதில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் இல்லை. பாஸ்போர்ட்டில் தேதி போட்டுக் குத்தும் முத்திரைக்குப் பதிலாக, நீங்கள் உள்ளே வந்த நாள், வெளியே போன நாள், எந்த எல்லை, உங்கள் முகப்படம், கைரேகை எல்லாம் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் ஏறும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே நம்முடைய பத்து விரல் ரேகைகளையும் எடுத்துவிடுகிறார்கள். அவை விசாத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 59 மாதங்களுக்கு அதே ரேகையை மறுபடி பயன்படுத்திக்கொள்ள முடியும். ஆகவே விமான நிலையத்தில் நம்மிடம் புதிதாகப் பதிவாவது முகம்தான். விரல்களை வைக்கச் சொன்னால் அது ஏற்கெனவே கொடுத்த ரேகையோடு ஒத்துப்பார்க்க. விசா தேவைப்படாத பிரிட்டிஷ், கனடிய, மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களிடம் முகத்தோடு நான்கு விரல் ரேகையையும் அங்கேயே எடுப்பார்கள், வழக்கமாக வலது கையில். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விரல் கிடையாது, முகம் மட்டும். இதற்கெல்லாம் கட்டணம் ஒரு சென்ட் கூட இல்லை. 'இ.இ.எஸ் பதிவு செய்து தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை பார்த்து, அந்த நாட்டின் வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவுக்குள் வரமாட்டார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் வருவார்கள். ஒரே குடும்பம், ஒரே விமானம், வேறு வேறு வரிசை. மகன் இந்தப் பக்கம் சீக்கிரம் கடந்து போய்விட, அம்மா மறுபக்கம் தனியாக நிற்க நேரலாம். அம்மாவின் விசா, திரும்பும் டிக்கெட், மகனின் அழைப்புக் கடிதம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும். எல்லாப் பேப்பரையும் மகனின் பையில் பத்திரமாக வைக்கும் நம் பழக்கம் இங்கே ஆகாது.

இன்னொரு கண்ணி, முதல் இறக்கம். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய், அங்கிருந்து ஜூரிச்சுக்கோ பாரிஸுக்கோ விமானம் மாறுகிறவருக்கு எல்லைச் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டில்தான். கடைசியாகப் போய்ச் சேரும் ஊரில் அல்ல. அடுத்த விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் இடைவெளி விட்டு மலிவாக டிக்கெட் போட்டிருந்தால், முதல் முறை முகம் பதிகிறவர்களின் வரிசை அந்த இடைவெளியை விழுங்கிவிடும். 2025 டிசம்பரில், சில விமான நிலையங்களில் கூட்ட நேரக் காத்திருப்பு மூன்று மணி நேரம் வரை போனதாக ஐரோப்பிய விமான நிலையங்களின் கூட்டமைப்பே முறையிட்டது. லிஸ்பன் விமான நிலையத்தில் வரிசை சமாளிக்க முடியாமல் போய், போர்ச்சுகல் அரசு இந்த முறையையே மூன்று மாதம் நிறுத்திவைத்தது. டிக்கெட் போடும்போதே குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி கேளுங்கள். கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாய் ஆனாலும், தவறவிட்ட விமானத்தின் விலையைவிட அது குறைவு.

பதிவு எந்திரத்தின் கையில் போனதால் மிகவும் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. ஷெங்கன் விதி: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. வந்த நாளும் கணக்கு, போகிற நாளும் கணக்கு. மகளின் பிரசவத்துக்குப் போய்த் தொடர்ந்து 90 நாள் இருந்துவிட்டுத் திரும்பும் தாய், அடுத்த 90 நாளுக்கு மறுபடி போக முடியாது. பேத்திக்குக் காதுகுத்து என்றாலும் முடியாது. முன்பு அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரைகளைத் தேடி மனக்கணக்குப் போட வேண்டும். சில நேரம் தப்பும். இப்போது கணினி நொடியில் கூட்டிச் சொல்லிவிடும். அதோடு, விசா ஸ்டிக்கரில் 'தங்கும் நாட்கள்' என்று தனியே ஓர் எண் இருக்கும். விசா மூன்று மாதம் செல்லும் என்றாலும் அந்த எண் 30 என்று இருந்தால், தங்க முடிவது 30 நாள்தான். விசா கைக்கு வந்த அன்றே இதைப் படித்துப் பார்த்துத் திரும்பும் டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். 

மற்ற நாடுகள்

அமெரிக்கா 2004 ஜனவரியிலிருந்தே வருகிறவர்களிடம் விரல் ரேகை எடுக்கிறது. 2025 டிசம்பர் 26 முதல் இன்னொரு படி போயிருக்கிறது: குடிமக்கள் அல்லாத எல்லோரையும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் படம் எடுக்கலாம். 14 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் 79 வயதைத் தாண்டியவர்களுக்கும் இருந்த விலக்கு போய்விட்டது. எண்பது வயதுத் தாத்தாவும் கேமராவைப் பார்த்து நிற்க வேண்டும். இந்தப் படங்களை 75 ஆண்டுகள் வரை வைத்துக்கொள்ள அந்த நாட்டு விதி இடம் தருகிறது. ஜப்பான் 2007 நவம்பரிலிருந்து இரு கை ஆள்காட்டி விரல்களையும் முகத்தையும் கேட்கிறது. 16 வயதுக்குக் கீழே இல்லை.

நமக்கு மிகவும் நெருக்கமான சிங்கப்பூர்தான் இதில் வெகுதூரம் போயிருக்கிறது. 2020-லேயே கைரேகையைப் பின்னுக்குத் தள்ளி, கருவிழியையும் முகத்தையும் முதல் அடையாளமாக்கியது. 2024-ல் அங்குள்ள சாங்கி விமான நிலையத்தின் நான்கு முனையங்களிலும் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்காமலே கடக்கும் வசதி வந்தது: உள்ளூர்வாசிகளுக்கு வரவும் போகவும், வெளிநாட்டவருக்குத் திரும்பிப் போகும்போது. முதல் முறை போகிறவரும் தானியங்கிப் பாதையையே பயன்படுத்தலாம். பாஸ்போர்ட்டில் முத்திரை கிடையாது. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். ஆகவே 'எஸ்.ஜி. அரைவல் கார்டு' நிரப்பும்போது ஏஜென்ட்டின் மின்னஞ்சலைப் போடாதீர்கள். உங்கள் அனுமதி நாட்கள் அவருடைய இன்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த அட்டையை வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், இலவசம். மலேசியாவும் 2024 ஜனவரி 1 முதல் இப்படியோர் இலவச மின் அட்டையைக் கட்டாயமாக்கியது, தாய்லாந்து 2025 மே 1 முதல். இதற்குக் காசு கேட்கும் இணையதளங்கள் அரசின் சின்னத்தைப் போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு தேடலில் மேலே வந்து நிற்கும். முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

சிங்கப்பூர் கருவிழிக்கு மாறியதை நான் ஒரு தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் பார்க்கவில்லை. முதுமையால், வடுக்களால், வறட்சியால் கைரேகை சரியாக விழாதவர்கள் அவதிப்படுகிறார்கள் என்பது அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் அங்கே கட்டடம் கட்டப் போனவர்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ரேகை விழாத கைகள்

ரேஷன் கடையில் பாட்டிகள் நிற்பதைப் பார்த்திருப்போம். கட்டை விரலை வைத்து, சேலையில் துடைத்து, ஆள்காட்டி விரலை வைத்து, பிறகு மோதிர விரலை வைத்து... 'ரேகை விழல பாட்டி, நாளைக்கு வாங்க' என்பார் கடைக்காரர். ரேஷன் கடையில் நாளைக்கு வரலாம். பாரிஸ் விமான நிலையத்தில் நாளை என்பது கிடையாது.

சிமென்ட் குழைக்கிறவர்கள், நெசவாளர்கள், சாயப்பட்டறைத் தொழிலாளர்கள், செங்கல் சூளையில் இருப்பவர்கள், பாத்திரம் கழுவியே காலம் போனவர்கள் என உழைத்த கையின் ரேகைதான் முதலில் தேய்கிறது. வயது கூடக்கூடத் தோல் மெலிந்து, வரிகளின் மேடு தாழ்கிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. பிறவியிலேயே ரேகை இல்லாமல் பிறக்கிறவர்களும் உண்டு. 2007-ல் சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் அமெரிக்க எல்லையில் மாட்டிக்கொண்டு தவித்த பிறகு, பாசெல் நகரத் தோல் மருத்துவர் பீட்டர் இட்டின் அந்தக் குறையைக் கவனித்து எழுதினார். நான்கு ஆண்டுகளில் அதற்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம்மால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. பயணத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்தே இரவில் கைகளுக்குத் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவி வாருங்கள். முடிந்தால் அந்த நாட்களில் சிமென்ட், சுண்ணாம்பு, சோப்புத் தூள், பிளீச்சிங் பவுடர் பக்கம் கை போக வேண்டாம், போனாலும் கையுறையோடு. நீண்ட தூர விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. எட்டு ஒன்பது மணி நேரம் அதில் உட்கார்ந்து வந்தவரின் விரல் காய்ந்த விரலாகத்தான் இருக்கும். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொஞ்சம் கிரீம் தேய்த்து ஊற விடலாம். வரிசையில் நிற்கும்போது தடவக் கூடாது. பிசுபிசுப்பு கண்ணாடியில் ஒட்டி, அடுத்தவர் ரேகையையும் கெடுக்கும்.

விரலை அழுத்துவது இன்னொரு தவறு. 'விழவில்லை' என்று சொன்னவுடன் பயத்தில் இன்னும் பலமாக அழுத்துவோம். அழுத்தினால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகத் தெரியும். விரலின் நுனி மட்டும் படாமல், சதைப்பகுதி முழுவதும் தட்டையாகப் படும்படி, மெதுவாக வைத்து, எடுக்கச் சொல்லும்வரை அசையாமல் இருப்பதே முறை. குளிரில் விறைத்த கையாக இருந்தால் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்குங்கள். கல்யாணம் முடிந்த கையோடு பறக்கிறவர்கள் விரல் நுனிகளுக்கு மட்டும் மருதாணி வைக்காமல் விடுவது நல்லது. தடித்த மருதாணிப் பூச்சு சில கருவிகளைக் குழப்பும்.

விசா விண்ணப்ப மையத்தில் ரேகை கொடுக்கும் நாளுக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே மங்கலாக விழுந்த ரேகைதான் பிறகு எல்லையில் ஒத்துப்பார்க்கும் மூலமாக இருக்கப்போகிறது. விரலில் காயமோ பிளாஸ்திரியோ இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். விரல் இழந்தவர்களும், நிரந்தரமாக ரேகை கொடுக்க இயலாதவர்களும் ஐரோப்பிய விதியின்படி கைரேகையிலிருந்து விலக்கு பெற்றவர்கள். புற்றுநோய் மருந்து, கடுமையான கரப்பான், சோரியாசிஸ் என்று எதுவாக இருந்தாலும், மருத்துவரிடம் தலைப்புத்தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி வாங்கி, பாஸ்போர்ட்டோடு வையுங்கள். கண்புரை அறுவைச் சிகிச்சையோ வேறு கண் அறுவைச் சிகிச்சையோ அண்மையில் செய்தவர்கள், கருவிழி கேட்கும் நாடுகளுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும் எடுத்துக்கொள்ளலாம்.

முகமும் பெயரும்

முகத்துக்குத் தயாரிப்பு அதிகம் இல்லை. கண்ணாடி, தொப்பி, மாஸ்க் கழற்ற வேண்டும்; நெற்றியில் விழும் முடியை ஒதுக்க வேண்டும்; கேமரா உங்கள் உயரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்வரை பொறுக்க வேண்டும். மத நம்பிக்கைக்காகத் தலையை மூடுகிறவர்களுக்கு முகம் முழுவதும் தெரிந்தால் போதும். பெரிய எடைக் குறைவு, முகத்தில் அறுவைச் சிகிச்சை, பத்து வருடம் முன்பு மீசையில்லாமல் எடுத்த படம், ஐந்து வயதில் எடுத்த படத்தோடு ஒன்பது வயதில் பறக்கும் பிள்ளை: இவையெல்லாம் ஒத்துப்போகாமல் நிற்கக்கூடிய இடங்கள். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தால் பாஸ்போர்ட் காலாவதியாகும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுவதே நிம்மதி.

முகம் அறியும் மென்பொருள் எல்லா முகங்களையும் ஒன்றுபோலப் படிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, ஒருவரை இன்னொருவராகத் தவறாக எண்ணும் பிழை கிழக்கு ஐரோப்பியர்களிடம் மிகக் குறைவாகவும், ஆப்பிரிக்க, கிழக்கு ஆசிய முகங்களில் மிக அதிகமாகவும், தெற்காசிய முகங்களில் அதற்குச் சற்றே குறைவாகவும் இருப்பதைக் காட்டியது. மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் பெரிது. நல்லவை மேம்பட்டுக்கொண்டும் வருகின்றன. ஆனாலும் முகம் பார்த்துத் திறக்கும் தானியங்கிக் கதவான இ-கேட் சிவப்பு விளக்கு போட்டால் அதை உங்கள் மேல் விழுந்த குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பதறாமல் ஒதுங்கி, மனிதர் உட்கார்ந்திருக்கும் கவுன்டருக்குப் போங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கைக்குழந்தையோடு இருப்பவர்களும் ஆரம்பத்திலேயே அங்கே போய்விடலாம்.

உண்மையில், முகத்தைவிடத் தமிழர்களை அதிகம் மடக்குவது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு 'முருகன்' என்று பெயர் மட்டும், குடும்பப் பெயர் இடம் காலி. அவர் மனைவிக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, மகனுக்குத் தாத்தாவின் பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது விமான நிலையம்வரை வந்து திரும்பியவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. டிக்கெட், விசா, வருகை அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, அதே இடைவெளியோடு, அதே எழுத்துகளோடு பெயர் இருக்க வேண்டும். இனிஷியலை விரிப்பது, 'டி.எச்' போட்டதை 'டி' ஆக்குவது எதுவும் வேண்டாம். முதல் முறை பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பெயரையும் குடும்பப் பெயரையும் இப்போதே நிரப்பிவிடுங்கள். பின்னால் பெயர் மாற்ற அலையும் அலைச்சல் மிச்சம்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு

'பழைய கேஸா? புது பாஸ்போர்ட் எடுத்துட்டா ஒண்ணும் தெரியாது தம்பி' என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இன்னும் இருக்கிறார்கள். அமீரகம் 2000-களின் தொடக்கத்திலேயே, நாடு கடத்தப்பட்டவர்கள் வேறு பெயரில் திரும்புவதைத் தடுக்கக் கருவிழிப் பதிவைக் கொண்டுவந்துவிட்டது. கண்பாவையை விரியச் செய்யும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு ஏமாற்ற முயன்றவர்களையும் கண்டுகொண்டார்கள். சவூதி விசாவுக்கு முன்பே விரல் ரேகை போய்விடுகிறது. குவைத் 2024-ல் அங்கே வசிக்கும் வெளிநாட்டவர் அனைவருக்கும் விரல் பதிவைக் கட்டாயமாக்கி, அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை கெடு கொடுத்தது. பதியாதவர்களின் அரசு, வங்கிப் பரிவர்த்தனைகள் முடங்கின.

ஓடிப்போனவர் என்று கம்பெனி கொடுத்த புகாரோ, தீராத கடன் வழக்கோ, பயணத் தடையோ பழைய பாஸ்போர்ட்டோடு போய்விடாது. விரலோடு வரும். வட்டிக்கு வாங்கி இரண்டு லட்சம் மூன்று லட்சம் கட்டிப் பறக்கும் முன், அந்த நாட்டில் தன் பெயரில் என்ன இருக்கிறது என்று தூதரகம் வழியாகவோ அங்கே இருக்கும் நம்பகமான ஆள் வழியாகவோ விசாரித்துவிடுவதே வழி. இதைத் தமிழில் தெளிவாகச் சொல்லும் ஒரு துண்டறிக்கை திருச்சி, மதுரை, சென்னை விமான நிலையங்களில் ஒட்டப்பட வேண்டும். திரும்பி வரும் விமானத்தில் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கும் ஒருவரையாவது அது காப்பாற்றும்.

நம் ஊர் வாசல்

புறப்படும் இடத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் 'ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன்' திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி உள்ளிட்ட ஐந்துக்கும் வந்தது. உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் விமான நிலையத்திலோ வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ விரலும் முகமும் கொடுக்க வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. கட்டணம் இல்லை. ஐந்து ஆண்டுகளோ பாஸ்போர்ட் முடியும் நாளோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது பறக்கிறவர்கள் இதைச் செய்துவைப்பது புத்திசாலித்தனம்.

டிஜி யாத்ரா வேறு. உள்நாட்டுப் பயணத்தில் முனைய நுழைவையும் பாதுகாப்புச் சோதனையையும் முகத்தால் கடப்பதற்கு அது. அதை வைத்துக்கொண்டு இமிகிரேஷனைக் கடக்க முடியாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி நிற்பவர்கள் நிறைய.

கொடுத்த ரேகை எங்கே போகிறது?

விரலை வைத்து ஆளை அறியும் கலை உலகத்துக்குப் போனதே இந்த மண்ணிலிருந்துதான். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கை அச்சை ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு உண்டு. பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போனது.

அந்தக் கலையை இந்தியர்கள் மேலேயே திருப்பினார்கள். 1906-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் விரல் ரேகை பதிந்து சான்று பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. அதை எதிர்த்து அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய கூட்டத்தில்தான் சத்தியாகிரகம் பிறந்தது. பிறகு காந்தி, அரசோடு பேசி, தாமாக முன்வந்து பதிவதாக ஒப்புக்கொண்டார். 1908 பிப்ரவரி 10 அன்று அதற்காகப் போன வழியில் மீர் ஆலம் என்பவர் அவரைத் தாக்கினார். குறுக்கே விழுந்து அடிவாங்கியவர் ஜோகன்னஸ்பர்க் தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடு. அரசு வாக்குத் தவறியதும், அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி முன்பு ஆயிரக்கணக்கான பதிவுச் சான்றுகளைத் தீயிலிட்டார்கள். ரேகையைக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

இன்று கொடுக்க மறுத்தால் நுழைவு கிடையாது. அதனால் கொடுக்கிறோம். கொடுத்ததைப் பற்றிக் கேட்கும் உரிமையை மட்டும் விட்டுவிடக் கூடாது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. 2019-ல் அமெரிக்க எல்லைத் துறையின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றிலிருந்து பயணிகளின் முகப்படங்கள் திருடுபோயின என்று அந்தத் துறையே ஒப்புக்கொண்டது. நம் உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் உணர்வு விமான நிலைய எந்திரத்துக்கு முன்னாலும் செல்லுபடியாக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஐரோப்பியப் பதிவு, கடைசியாக வெளியேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் இருக்கும். வெளியேறியது பதிவாகவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள். தன்னைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்கவும், தவறைத் திருத்தக் கோரவும் எந்த நாட்டுப் பயணிக்கும் அங்கே உரிமை உண்டு. வெளியேறும்போது எந்திரம் உங்களைப் பதியத் தவறினால், நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பதாகத் தரவுத்தளம் சொல்லும். கெடுவைத் தாண்டித் தங்கியவர் என்று பெயர் விழும். முத்திரை இருந்த காலத்தில் பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டிவிடலாம். இனி அது இல்லை. நீங்கள் கிளம்பி வந்துவிட்டதை டிக்கெட் போன்ற நம்பத்தகுந்த சான்றைக் காட்டி நிரூபிக்க விதி இடம் தருகிறது. ஆகவே ஊர் திரும்பியதும் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். கைபேசியில் மட்டும் இருந்தால் படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். காகிதமாக இருந்தால் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அந்த அச்சு சீக்கிரமே மங்கிவிடக்கூடியது.